தர்மபுரியில் "அதே வாசம்" என்று விற்கிற சென்ட்: வாங்குமுன் படியுங்கள்

என் தம்பி நிச்சயதார்த்தத்துக்காக தர்மபுரி நான்கு ரோடு பக்கம் ஒரு கடையில் சென்ட் வாங்கினேன். 100 மில்லி, 650 ரூபாய். 2015இல் வந்த டியோர் சவாஜ் என்ற பிரெஞ்சு பிராண்டு சென்ட்டை மனதில் வைத்துச் செய்ததாம். "அதே வாசம்ணா, விலை மட்டும்தான் கம்மி" என்று மேசையில் இருந்த சாம்பிள் பாட்டிலை என் மணிக்கட்டில் அடித்துக் காட்டினார் கடைக்காரர். நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசம், பின்னாலேயே ஏலக்காயும் மிளகும். நன்றாகத்தான் இருந்தது. அப்போதே பெட்டியில் சீல் வைத்த புது பாட்டிலை வாங்கி வந்துவிட்டேன்.

நான் செய்த தப்பு அங்கேதான். எலுமிச்சை வகை வாசனை எல்லாமே சீக்கிரம் ஆவியாகிவிடும். பத்து, இருபது நிமிஷம் எந்த மட்டமான சரக்கும் மணக்கும். அதற்குப் பிறகு தோலில் என்ன நிற்கிறது என்பதில்தான் சென்ட்டின் தரம் தெரியும். கையில் அடித்துக்கொண்டு பேருந்து நிலையம் வரை நடந்து, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து வாங்கியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், சாம்பிள் பாட்டிலில் இருந்ததும் பெட்டிக்குள் இருந்ததும் ஒன்றே இல்லை.

நிச்சயதார்த்தம் பாலக்கோட்டில். காலை ஒன்பது மணிக்குத் தம்பி கழுத்தில் அடித்துக்கொண்டான். பத்து மணிக்கெல்லாம் வாசம் போய் வெறும் ஸ்பிரிட் நெடி. மண்டப வாசலில் வெயிலில் நின்று ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தவன், மதியம் "அண்ணா, கழுத்து எரியுதுண்ணா" என்றான். சாயங்காலம் சிவந்து தடித்துவிட்டது. மறுநாள் சின்னச் சின்னக் கொப்புளம். பெண் வீட்டார் முன்னால் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். வாங்கிக் கொடுத்தவன் நான். இன்னும் மனசு ஆறவில்லை.

தோல் டாக்டர், பட்டை எண்ணெயில் இருக்கும் சின்னமால்டிஹைடு பலருக்கு ஒவ்வாமை தரும் என்றார். சுத்திகரிக்காத பெர்கமாட் (ஒரு வகை எலுமிச்சை) எண்ணெய் பட்ட தோலில் வெயில் பட்டால் எரிச்சலும் கருந்தழும்பும் வருமாம். இந்தப் பாட்டிலில் எது இருந்தது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. பெட்டியில் உட்பொருள் பட்டியலே இல்லை.

அப்புறம்தான் பெட்டியை ஒழுங்காகப் பார்த்தேன். தயாரித்தவர் முகவரி இல்லை. உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை. 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி இதெல்லாம் கட்டாயம் இருக்க வேண்டும். விலை ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தால் அடியில் 299 என்று அச்சாகியிருக்கிறது! பெட்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "வித்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், உங்க தோலு அப்படி" என்றார். பில் கேட்காமல் வாங்கியிருந்தேன். ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவு மட்டும்தான் கையில் இருந்தது.

பெரிய பிராண்டு வாசனையைப் பார்த்துச் செய்கிற எல்லாச் சென்ட்டும் மோசம் என்று நான் சொல்லவில்லை. சொந்தப் பெயரில், முழு விவரம் அச்சிட்டு நேர்மையாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். நானே 400 ரூபாய் பாட்டில் ஒன்றை இரண்டு வருஷமாகப் பயன்படுத்துகிறேன். முகவரியே இல்லாத பெட்டியைத்தான் தொடாதீர்கள். எந்தச் சென்ட் ஆனாலும் முதலில் முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு விட்டு இரண்டு நாள் பாருங்கள். வெயிலில் போகிற நாளில் கழுத்தில் அடிக்காமல் சட்டையில் அடியுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். ஜிபே பதிவு, பெட்டியின் படம், டாக்டர் சீட்டு மூன்றையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது. கருப்பு மூடி, நீலப் பெட்டி, 650 ரூபாய் ஸ்டிக்கர். இதே பாட்டிலை வாங்கியவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கரோடு அப்படியே வைத்திருங்கள்.