ஸ்டார் சிட்டிசனா, எலைட் டேஞ்சரஸா: பணம் கட்டும் முன் ஓர் அலசல்

விண்வெளிக் கப்பலை ஓட்ட ஆசைப்படும் சேலத்துக் கல்லூரி மாணவர் கையில் நாலாயிரம் ரூபாய் இருந்தால், வழக்கமாக ஸ்டார் சிட்டிசன், எலைட் டேஞ்சரஸ் என்ற இந்த இரண்டு கணினி கேம்களில்தான் வந்து நிற்பார். இரண்டும் 2012 இறுதியில், ஒரு மாத இடைவெளியில், கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் பணம் திரட்டத் தொடங்கியவை. அதன்பின் இரண்டும் வேறு வேறு பாதையில் போய்விட்டன.

எலைட் கேட்டது 12.5 லட்சம் பவுண்ட், கிடைத்தது சுமார் 15.78 லட்சம். 2014 மார்ச்சில் தருவதாகச் சொன்னார்கள். 2014 டிசம்பர் 16 அன்று வந்தது. ஒன்பது மாதத் தாமதம் இந்தத் துறையில் பெரிதல்ல. ஆனால் வெளியாக ஒரு மாதம் இருக்கும்போது, இணையமில்லாமல் தனியாக ஆடும் வசதி கிடையாது என்று அறிவித்தார்கள். அதை நம்பிப் பணம் கொடுத்தவர்களின் கோபம் முழுக்க நியாயமானது. ஆனாலும் கையில் இருந்த காசுக்கும் ஆளுக்கும் ஏற்ப வேலையைக் குறைத்துக்கொண்டதால்தான் கேம் வெளியே வந்தது. கோள்களில் தரையிறங்குவது 2015 டிசம்பரில்தான் சேர்ந்தது. கப்பலை விட்டு இறங்கி நடப்பதற்கு 2021 மே வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வசதியைத் தந்த ஒடிசி என்ற விரிவாக்கமும் ஏகப்பட்ட பிழைகளோடு வந்தது. அதன் கன்சோல் பதிப்பை 2022 மார்ச்சில் கைவிட்டார்கள்.

ஸ்டார் சிட்டிசன் 2012 நவம்பருக்குள் 62 லட்சம் டாலர் திரட்டியது. 2014 நவம்பரில் வெளியீடு என்றார்கள். பணம் ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு புது வாக்குறுதி சேர்ந்தது. இந்தப் பட்டியல் 6.5 கோடி டாலர் வரை நீண்டது. 2024-ல் மொத்த வரவு 70 கோடி டாலரைத் தாண்டியும் கேம் இன்னும் ஆல்ஃபா என்ற முடிவடையாத சோதனை நிலையில்தான் இருந்தது.

இதை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடுவது சரியல்ல. தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. ஒரு நட்சத்திர மண்டலத்தைப் பல சர்வர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கப்பல் எல்லை தாண்டும்போது ஆடுபவருக்குத் தெரியாமல் அடுத்த சர்வர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். இந்த சர்வர் மெஷிங்கின் முதல் வடிவம் 2024 டிசம்பரில், 4.0 பதிப்பில்தான் வந்தது. அதற்கு அடித்தளமாக 2023 மார்ச்சில் வந்த 3.18 பதிப்பில், பலரால் நாள்கணக்கில் உள்ளேயே நுழைய முடியவில்லை. இன்னொரு காரணம் தரம். அது ஏற ஏற, பழைய கப்பல்களைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. முடிந்த வேலையும் முடியாத வேலையாகிவிடுகிறது.

அதன் தனியாள் கதைப் பகுதியான ஸ்குவாட்ரன் 42-இன் தேதிகளைப் பாருங்கள்: முதலில் 2014, பிறகு 2020-ல் பீட்டா (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு), 2024 அக்டோபரில் சொன்னது 2026. தேதியைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். இன்றைக்கு நிறுவினால் என்ன ஓடுகிறதோ, அதற்கு மட்டுமே விலை போடுங்கள்.

அதைச் சோதிக்க வழி இருக்கிறது. ஸ்டார் சிட்டிசன் ஆண்டுக்குச் சில முறை இலவசமாகத் திறந்துவிடுகிறது. ஏற்காட்டில் கோடை விழா நடக்கும் மே மாதத்தில் ஒன்று, நவம்பரில் ஒன்று. நிறுவ 100 ஜிபிக்கு மேல் இடம் வேண்டும். 50 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி இறங்கவே நாலரை மணி நேரம். எஸ்எஸ்டி இல்லாமல் முயலவே வேண்டாம். ரேம் குறைந்தபட்சம் 16 ஜிபி; பேஜ்ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) சிறிதாக இருந்தால் 16-லும் திடீரென மூடிக்கொள்ளும். இலவச வாரத்தில் கூட்டம் நெரிவதால் சர்வர் திணறும். அமெரிக்கா தூங்கி, ஐரோப்பா வேலைக்குக் கிளம்பும் நம் முற்பகல் வேளை பரவாயில்லை. ஆனால் சேலத்து மே வெயிலில் அறையே கொதிக்கும். கிராஃபிக்ஸ் கார்டின் வெப்பத்தைப் பார்த்து ஃபிரேம் வேகத்தை நொடிக்கு 40 என்று கட்டிவையுங்கள்.

எலைட்டில் சிக்கல் வேறு. அதில் ஆடுபவர்களின் கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுகின்றன. சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ளூர் ஃபைபர் இணைப்புகள் பல, ஒரே ஐபி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்பவை. அப்படி இரண்டு வீட்டு நண்பர்கள் ஒரே குழுவில் சேர்ந்தால், ஒருவர் கப்பல் மற்றவர் திரையில் தோன்றாமலே போகலாம். ரவுட்டர் காட்டும் WAN (வெளி இணைய) முகவரி 100.64-இல் தொடங்கி 100.127-க்குள் இருந்தால் இதுதான் காரணம்; ரவுட்டரில் போர்ட் திறந்து பயனில்லை. இணைப்பு தருபவரிடம் தனி பொது ஐபி கேளுங்கள். தனியாகச் சுற்றுபவருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

எங்கள் கணிப்பு: இந்த மாதமே ஆட வேண்டுமென்றால் எலைட். ஸ்டீமில் யுபிஐ வழியாக ரூபாயில் வாங்கலாம். 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். ஸ்டார் சிட்டிசனை இலவச வாரத்தில் ஆடிப் பார்த்து, பிழைகளோடும் பிடித்திருந்தால் மட்டும் 45 டாலர் அளவிலான தொடக்கத் தொகுப்பை வாங்குங்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முதலில் திறக்க வேண்டும். வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேரும். பணம் திரும்பக் கேட்க 30 நாள்தான். அங்கே உண்மைப் பணத்துக்கு விற்கும் கப்பல்களில், இன்னும் பறக்காத, படமாக மட்டுமே இருக்கும் கப்பலுக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். வாங்கத் தோன்றும் கப்பல் எதுவானாலும், கேமுக்குள்ளேயே சம்பாதித்து வாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.