தண்ணீர் ஊற்றும் பேட்டரியா, ஊற்றாத பேட்டரியா?

தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்ட வீட்டுக்குக் கரண்ட் கம்பம் வரவில்லை. கூரையில் சோலார் பேனல், கீழே 24 வோல்ட் இன்வெர்ட்டர், பேட்டரி, அவ்வளவுதான். முதலில் ஜெல் பேட்டரி இரண்டு வைத்திருந்தேன். இப்போது தண்ணீர் ஊற்றும் வகையான டியூபுலர், 150 ஆம்பியர்-அவர் (Ah), இரண்டு. எது நல்லது என்று கேட்டால் டியூபுலர் என்றுதான் சொல்வேன்.

ஜெல்லின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஆசிட் சிந்தாது, நெடி வராது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். விலை மட்டும் கூட. டியூபுலர் விலை குறைவு, ஆனால் கனம். ஒன்றே 50 கிலோவுக்கு மேல். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. பழசானால் இரண்டையும் ஈய விலைக்குத்தான் எடுப்பார்கள்.

எனக்கு முடிவைச் சொன்னது டியூபுலரின் மூடிதான். அதைத் திறக்க முடியும்.

போன ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மூடுபனி. பேனலில் பெயருக்குத்தான் கரண்ட் வந்தது. காலையில் ஜெனரேட்டரை மூன்று மணி நேரம் ஓட்டிப் பாதியைத் தேற்றிவிட்டு, மிச்சத்தை வருகிற வெளிச்சத்துக்கு விட்டேன். (மாலையில் ஜெனரேட்டர் போடுவது பெட்ரோலுக்குப் பிடித்த கேடு. கடைசி இருபது சதவீதம் மெதுவாகத்தான் ஏறும். அந்த வேலை வெயிலுடையது.) வானம் வெளுத்து இரண்டு நாள் முழு சார்ஜ் ஆன பிறகு, மூடியைத் திறந்து ஹைட்ரோமீட்டரை (ஆசிட்டின் அடர்த்தி காட்டும் கண்ணாடிக் குழாய்) விட்டுப் பார்த்தேன். பேட்டரிக்குள் ஆறு செல், அதாவது ஆறு அறை. ஒரு பேட்டரியில் ஐந்து செல்லிலும் கிராவிட்டி (அந்த அடர்த்தி, சார்ஜ் ஏற ஏறக் கூடும்) 1.240, மூன்றாவது செல்லில் மட்டும் 1.200. வோல்ட்மீட்டரில் இந்தக் கோளாறு எவ்வளவு தெரியும்? சுமார் 0.04 வோல்ட். யார் கவனிப்பார்கள்?

இன்வெர்ட்டரைக் கழற்றி வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, கன்ட்ரோலரில் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜை அளந்து விடும் பெட்டி) ஈக்வலைஸ் போட்டேன். பின்தங்கிய செல்லும் எட்டிப்பிடிக்க வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டில் சார்ஜ் செய்வதுதான் அது. இரண்டுக்கும் சேர்த்து 31 வோல்ட். ஹைட்ரஜன் வருவதால் பக்கத்தில் நெருப்பு ஆகாது. மணிக்கு ஒருமுறை கிராவிட்டி பார்த்து, ஏறுவது நின்றதும் நிறுத்தினேன். அந்தச் செல் 1.230 வரை வந்துவிட்டது. தகட்டில் படிந்த சல்பேட் இறுகும் முன்னால் பிடித்ததால் வந்தது என்று நினைக்கிறேன். இதே கோளாறு ஜெல்லில் வந்திருந்தால் எந்தச் செல் என்றே தெரிந்திருக்காது. தெரிந்தாலும் இந்த வைத்தியம் அதற்கு ஆகாது. குமிழியாய் வால்வு வழியே போன ஈரத்தைத் திரும்ப ஊற்ற வழியில்லை.

என் ஜெல் இரண்டு வருடத்தில் போனதற்குக் காரணமும் இதுதான். குற்றம் பேட்டரியுடையது அல்ல, என்னுடையது. கன்ட்ரோலரைத் தண்ணீர் பேட்டரிக்கான செட்டிங்கிலேயே விட்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் 14.2 வோல்ட் அளவில் நிற்க வேண்டியது 14.8 வரை ஏறியது, மாதம் ஒருமுறை ஈக்வலைஸ் வேறு. உள்ளே காய்ந்துவிட்டது. அதனால் ஜெல்லின் ஆயுள் இவ்வளவுதான் என்று என் அனுபவத்தை வைத்துச் சொன்னால் அது நியாயம் இல்லை.

டியூபுலருக்கு வேலை உண்டு, மறுக்கவில்லை. பன்னிரண்டு செல்லுக்கும் சேர்த்து எனக்கு மாதம் ஒரு லிட்டருக்குள் டிஸ்டில்டு வாட்டர் ஆகிறது. ஆர்ஓ தண்ணீர் கூடாது. ஆசிட்டும் ஊற்றக் கூடாது, குறைவது தண்ணீர்தான். சார்ஜ் முடிந்த பிறகே ஊற்ற வேண்டும், முதலிலேயே நிரப்பினால் சார்ஜில் பொங்கி வழியும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முன்னாலேயே கொஞ்சம் விடலாம்.

வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் வந்துபோகும் பக்கத்துத் தோட்டக்காரர் கேட்டபோது அவருக்கு ஜெல்தான் சொன்னேன். மூடியைத் திறந்து பார்க்க ஆளில்லாத வீட்டில் டியூபுலர் எதற்கு? கன்ட்ரோலரை ஜெல்லுக்கு மாற்றிக்கொடுத்ததும் நானே.

டியூபுலர் வாங்குகிறவர்கள் ஹைட்ரோமீட்டரையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். கண்ணாடி, கை தவறினால் போச்சு. நான் இரண்டு வைத்திருக்கிறேன்.