ஓவர்லேண்ட் கூடாரப் பயணம்: கடைசி வாரத்தின் கணக்கு

விக்டோரியா அருவியில் கிளம்பி, போட்ஸ்வானா, நமீபியா வழியாகக் கேப்டவுனில் முடியும் ஓவர்லேண்ட் பயணம் (குழுவாக லாரியில் தரைவழியே, கூடாரத்தில் தங்கிப் போவது) போய்வந்தவர்கள் யானையையும் சிங்கத்தையும் பற்றித்தான் பேசுவார்கள். அவையெல்லாம் சோபே, ஒக்கவாங்கோ, எட்டோஷா என்ற வனவிலங்குப் பகுதிகளோடு, முன்பகுதியிலேயே முடிந்துவிடும். நமீபியக் கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்டிலிருந்து கேப்டவுன் வரையிலான கடைசிப் பகுதியில் விலங்கு குறைவு, தூரம் அதிகம். ஆனால் கூடாரம், படுக்கை, வண்டி, உடன் வருகிறவர்கள் ஆகிய எல்லாவற்றின் உண்மையான தரமும் அங்கேதான் தெரியவரும். முதல் வாரத்தில் எல்லாக் கூடாரமும் நல்ல கூடாரம்தான்.

வண்டியைச் சொகுசு பஸ் என்று நினைத்துவிட வேண்டாம். அது லாரி, மேலே இருக்கைகள், பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் அடுப்பும் பாத்திரங்களும். ஆளுக்கொரு லாக்கர் உண்டு. சக்கரம் வைத்த சூட்கேஸ் அதில் நுழையாது, மடங்கும் துணிப்பைதான் சரி. காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது, வண்டியைப் பெருக்குவது என்று எல்லோருக்கும் முறை வைத்து வேலை. தட்டுகளைச் சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், கிருமிநாசினி கலந்த தண்ணீர் என்று வரிசையாக முக்கியெடுத்து, துணியால் துடைக்காமல் காற்றில் வீசி உலர்த்த வேண்டும். ஒரே துணியால் துடைத்தால் ஒருவருடைய வயிற்றுப்போக்கு வண்டி முழுவதற்கும் வந்துவிடும். தொடக்கத்தில் சிரித்துக்கொண்டே வீசினோம். கடைசி வாரத்தில், யார் வீசாமல் நழுவுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வழிகாட்டி கண்டிப்பானவராக இருந்துவிட்டால் பாதிச் சண்டை வராது. எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார்.

ஸ்வாகோப்முண்டில் கட்டில், வெந்நீர், சலவைக் கடை எல்லாம் உண்டு. பெங்குவெலா குளிர்நீரோட்டத்தால் காலையில் ஊரே மூடுபனிக்குள் கிடக்கும். கட்டிலில் படுத்துவிட்டு மறுபடி கூடாரத்துக்குத் திரும்புவதைப் போன்ற வேதனை வேறில்லை. அதற்குப் பிறகு வருவது சரளைச் சாலை. அலை அலையாகப் பள்ளம் விழுந்த பாதையில் பல்லெல்லாம் ஆடும். நடுவே சொலிட்டேர் என்ற சிற்றூர். அங்கே எல்லா வண்டிகளும் ஆப்பிள் பைக்காக நிற்கும், நிற்பது நியாயமும்கூட.

கூடாரம் இருவர் படுக்கும் தடித்த கான்வாஸ். தூக்கும்போது திட்டினாலும், நமீப் பாலைவனத்தின் மாலைக் காற்றில் அந்த எடையே காப்பாற்றியது. பலவீனம் ஜிப்பில். மணல் பல்லிடுக்கில் புகுந்துகொண்டால் ஓட்டி பாதியில் நின்றுவிடும். இழுத்தால் பல் போய்விடும். பழைய டூத்பிரஷ்ஷால் தட்டி மணலை உதிர்த்து, மெழுகுவர்த்தித் துண்டை மேலும் கீழும் ஒருமுறை தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும். இந்த இரண்டும் இல்லாமல் போகாதீர்கள். கூடாரம் நிமிர்ந்த உடனே உள்ளே பையை வைத்துவிடுங்கள். காலிக் கூடாரம் காற்றில் உருண்டு போவதைத் துரத்துவது பார்க்கிறவர்களுக்கு மட்டுமே வேடிக்கை.

பணம் கட்டுவதற்கு முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: நமீப் மணல்மேடுகளுக்கு வாயிலான செஸ்ரியமில் தங்குவது பூங்கா வாயிலுக்கு உள்ளேயா, வெளியேயா? உள்ளே என்றால் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே மணல்மேடுகளை நோக்கிப் புறப்படலாம். வெளியே என்றால் உதயம் வரை வாயிலில் வரிசை. வாயிலிலிருந்து 45ஆவது கிலோமீட்டரில் இருப்பதால் ‘டியூன் 45’ என்று பெயர் பெற்ற மணல்மேட்டின் முகட்டில் வெயில் ஏறுவதைப் பார்க்க இந்த ஒரு மணி நேரம்தான் எல்லாம். விடியலில் அந்தச் சிவந்த மணல் வெறுங்காலுக்குச் சில்லென்று இருக்கும். முன்னே போனவரின் காலடிக் குழியில் கால் வைத்து ஏறினால் பாதி களைப்பு குறையும்.

60 கிலோமீட்டர் தார்ச்சாலை முடிந்த பிறகு கடைசி 5 கிலோமீட்டர் மணல். நான்கு சக்கர இயக்க வண்டிக்கு மாற வேண்டும். அதற்கப்பால் டெட்விலே என்ற வறண்ட களிமண் படுகை. சௌசாப் ஆற்றின் வெள்ளம் வராதபடி மணல்மேடுகள் மறித்துவிட்டதால் அங்கே மரங்கள் ஏறத்தாழ 600, 700 ஆண்டுகளுக்கு முன்பே செத்துவிட்டன. காற்றில் ஈரமே இல்லாததால் மட்கவும் முடியாமல் கரியாய் நிற்கின்றன. வெள்ளைக் களிமண் தரை ஓடு போல வெடித்திருக்கிறது. அந்த மரங்களைத் தொட்டு ஏறிப் படமெடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

ஸ்லீப்பிங் பேக் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலைவன இரவு உறைநிலையை ஒட்டி இறங்கும். உறையில் இரண்டு வெப்பநிலைகள் போட்டிருப்பார்கள்: வசதியாகத் தூங்கும் அளவு ஒன்று, சமாளிக்கும் அளவு ஒன்று. கடைக்காரர் பெரிதாகச் சொல்வது இரண்டாவது. நீங்கள் பார்க்க வேண்டியது முதலாவது.

ஃபிஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கு 160 கிலோமீட்டர் நீளம், சுமார் 550 மீட்டர் ஆழம். விளிம்பில் நின்று பார்த்தோம், அவ்வளவுதான். உள்ளே இறங்கி நடப்பது தனிப் பயணம். அருகிலுள்ள முகாமின் தரையில் கூடார முளைகள் பாதிக்கு மேல் வளைந்தன.

ஆரஞ்சு ஆற்றங்கரைதான் நமீபியாவின் கடைசி இரவு. அக்கரை தென்னாப்பிரிக்கா. கையிலிருக்கும் நமீபிய டாலரை இங்கேயே செலவழித்துவிடுங்கள். மதிப்பு ராண்டுக்குச் சமம்தான், நமீபியாவில் ராண்டும் செல்லும். ஆனால் எல்லை தாண்டினால் நமீபிய நோட்டைக் கடைகளில் வாங்கமாட்டார்கள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் தென்னாப்பிரிக்க விசாவை முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும், எல்லையில் கிடைக்காது. அன்றிரவு கரி அடுப்பில் இறைச்சி சுட்டார்கள். சைவர்களுக்குப் பூசணி, சோளமாவுக் களி, மிஸஸ் பால்ஸ் சட்னி. இனிப்பும் புளிப்புமான அந்தச் சட்னி களிக்கு அபாரமாகப் பொருந்துகிறது.

பிறகு என்7 நெடுஞ்சாலை. ஸ்பிரிங்பொக் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுப்பூக்கள். கிளான்வில்லியமில் ரூய்பாஸ் என்ற மூலிகைத் தேநீர்த் தூள் வாங்கலாம். மற்றபடி தூங்கலாம். கூடாரங்களை உதறி, முளைகளை எண்ணி ஒப்படைக்கும் வேலை பாக்கியிருக்கும்.

எதிர்த்திசையிலும் இதே பயணம் நடக்கிறது. எனக்கு வடக்கிலிருந்து தெற்கே வருவதுதான் பிடித்தது. நமீப் காற்றைச் சந்திக்கும்போது இருட்டிலும் கூடாரம் போடக் கை பழகியிருக்கும். ஓட்டுநருக்கும் சமையல்காரருக்கும் தரும் அன்பளிப்பை முன்னிரவே தனித்தனி உறைகளில் போட்டுவையுங்கள். கேப்டவுனில் இறங்கியதும் ஆளாளுக்குச் சிதறிவிடுவார்கள். வந்துசேரும் அன்று மாலையே விமானம் பிடிக்கத் திட்டமிடாதீர்கள். எல்லையில் ஒரு வரிசை நீண்டால் போதும், டிக்கெட் போயிற்று.