வைஷ்ணோ தேவி ஐந்து ரூபாய் நாணயத்துக்கு லட்சம் தருகிறோம் என்று போன் வந்தால்

போன மாதம் 18,399 ரூபாயை இழந்தேன். ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை விற்கப் போய் நடந்தது இது. புதிதாகச் சில்லறை சேர்க்க ஆரம்பித்திருப்பவர்கள், முக்கியமாகப் பிள்ளைகளோடு சேர்ந்து சேர்ப்பவர்கள், தயவுசெய்து முழுசாகப் படித்துவிடுங்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனும் நானும் இரண்டு வருடமாகச் சேர்க்கிறோம். மளிகைக் கடை, பஸ், காய்கறிச் சந்தை என்று கைக்கு வரும் காசையெல்லாம் ராத்திரி மேசையில் கொட்டி, வருஷத்தையும் அதன் கீழே இருக்கும் குறியையும் பார்ப்போம். வைர வடிவம் இருந்தால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. அப்படிப் பார்த்ததில் வைஷ்ணோ தேவி அம்மன் படம் போட்ட 2012ஆம் வருட ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று வந்தது. அதற்குப் பத்து லட்சம் கிடைக்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். பழைய சாமான்களை விற்கும் ஒரு தளத்தில் படம் எடுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையிலேயே போன். நல்ல தமிழ், மரியாதையான பேச்சு. "சார், உங்க காசு எங்களுக்கு வேணும். 2,80,000 தர்றோம். நம்ம ஆளே வீட்டுக்கு வந்து வாங்கிப்பார்." வாட்ஸ்அப்பில் ரிசர்வ் வங்கி முத்திரை போட்ட கடிதமும் ஓர் அடையாள அட்டையும் வந்தன. பதிவுக் கட்டணம் 999 என்றார், அனுப்பினேன். சாயங்காலம் இரண்டு சதவீத வரி என்று 5,600 கேட்டார். நாணயப் பணத்தோடு சேர்ந்து திரும்பி வந்துவிடும் என்றார், கட்டினேன். மூன்றாம் நாள், பணம் ரிசர்வ் வங்கியில் நிற்கிறது, விடுவிக்க 11,800 ஆகும் என்றார். அதையும் கட்டினேன். ஏற்கெனவே கட்டியது வீணாகிவிடக் கூடாதே என்ற பயம்தான் ஒவ்வொரு தடவையும் என்னைக் கட்ட வைத்தது. அந்தப் பயம் வரும்போதே போனை வைத்துவிடுங்கள்.

நாலாவதாக 24,000 கேட்டபோது என் மனைவி போனை வாங்கினாள். "நீங்க தரவேண்டிய பணத்துல அதைக் கழிச்சிக்கிட்டு மிச்சத்தை அனுப்புங்க" என்றாள். உடனே அழைப்பைத் துண்டித்துவிட்டார்கள். அப்புறம் அந்த எண்ணை யாரும் எடுக்கவே இல்லை.

சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் புகார் சொன்னேன். மூன்று நாள் தாமதம். முதல் நாளே சொல்லியிருந்தால், போன பணத்தை அவர்கள் எடுப்பதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு இருந்திருக்கும். அதைவிட வலித்தது இன்னொன்று. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதைப் பற்றி அறிக்கை விட்டிருக்கிறது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, கமிஷனோ கட்டணமோ கேட்பதில்லை, தங்கள் பெயரில் வசூலிக்க யாருக்கும் அனுமதி தரவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தேடிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிஷ வேலை.

அப்புறம்தான் அந்த நாணயத்தை எடுத்துக்கொண்டு, பல வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கும் ஒரு நாணயக் கடைக்காரரிடம் போனேன். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஐம்பது ரூபாய்கூடத் தேறாது என்றார். நினைவு நாணயம்தான், ஆனால் புழக்கத்துக்காக நிறைய அடித்தது, இதுவோ பல கை மாறித் தேய்ந்தது. போதாததற்கு, பளபளப்பாக இருக்கட்டும் என்று என் மகன் புளி போட்டுத் தேய்த்திருந்தான். நாணயத்தை எதைப் போட்டும் தேய்க்கக் கூடாதாம். அச்சிலிருந்து வந்த அதன் இயல்பான பளபளப்பு ஒரு தடவை போனால் போனதுதான், சேகரிப்பவர்கள் அதைத் தொட மாட்டார்கள். நல்ல விலை வேண்டுமென்றால் புழங்காத நாணயமாக இருக்க வேண்டும், அல்லது குறைவாக அடித்த வருஷமாக, அச்சில் பிழையுள்ளதாக இருக்க வேண்டும். நம் பாக்கெட்டுக்கு வரும் காசில் அது எப்போதாவதுதான் அமையும்.

அப்படியானால் சில்லறை சேர்ப்பது வீணா என்று அவரிடமே கேட்டேன். காசாக்க நினைத்தால் வீண், கற்றுக்கொள்ள நினைத்தால் இதைவிட மலிவான வழி கிடையாது என்றார். அதை நான் முழுசாக ஏற்கிறேன். ஐந்து ரூபாய் நாணயத்துக்கு ஐந்து ரூபாய்தான் செலவு, சலித்துப்போனால் கடையில் கொடுத்துவிடலாம். என் மகன் இந்தச் சில்லறையில்தான் 2003 காமராஜர் நூற்றாண்டு நாணயத்தையும், 2010 தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு நாணயத்தையும் கண்டுபிடித்தான். 2009 அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயில் அவருடைய தமிழ்க் கையெழுத்தே இருக்கிறது. அது பூக்காரம்மா கொடுத்த மீதிச் சில்லறையில் வந்தது. 25 பைசா 2011 ஜூனோடு செல்லாமல் போனது என்பதையும் அவன் பாட்டியின் டப்பாவைக் கிளறித்தான் தெரிந்துகொண்டான்.

உங்கள் நாணயத்தை வாங்குபவர் உங்களுக்குத்தான் பணம் தர வேண்டும். எந்தப் பெயரில் உங்களிடம் ஒரு ரூபாய் கேட்டாலும் அது மோசடி. பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண்ணும் (PIN) போட வேண்டியதில்லை, அதைக் கேட்டாலும் அப்படித்தான். உரையாடல்களையும் பணம் போன ரசீதுகளையும் அழிக்காதீர்கள், புகாருக்கு அவற்றைத்தான் கேட்பார்கள்.

நான் போட்ட விளம்பரத்தை எடுத்துவிட்டேன். எடுப்பதற்குள் வேறு இரண்டு எண்களிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டு பேரும் முதலில் கேட்டது அதே 999.