ரூட் பீர் சாஸ் வீட்டோடு தங்கிவிட்டது, பீர் சாஸ் தங்கவில்லை

அமெரிக்காவில் கோடை வந்தால் வாரம் ஒருமுறையாவது கொல்லைப்புறத்தில் கிரில் புகையும். கடை பார்பிக்யூ சாஸை விட்டுவிட்டு நானே செய்யத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. ரூட் பீர், பீர் இரண்டிலும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ரூட் பீர் பெயரில்தான் பீர், உண்மையில் இனிப்பான சோடா. ஆல்கஹால் கிடையாது. பிலடெல்பியா மருந்துக்கடைக்காரர் சார்லஸ் ஹையர்ஸ் அந்த ஊரில் நடந்த 1876 உலகக் கண்காட்சியில் பிரபலமாக்கிய பானம் இது. அன்று சசாஃப்ராஸ் என்ற மரத்தின் வேர்ப்பட்டை சேர்த்தார்கள். அதிலுள்ள சாஃப்ரோல் என்ற வாசனைப் பொருளை 1960-இல் அரசு தடைசெய்ததால் இன்று வேறு வாசனைகள்தான். நம்மவர்கள் பலர் முதல் வாயிலேயே முகம் சுளிப்பார்கள், முட்டிவலித் தைலத்தைக் குடித்ததுபோல இருக்கும். அதில் சேரும் விண்டர்கிரீன் என்ற செடியின் வாசனை செய்யும் வேலை. வேடிக்கை என்னவென்றால், வற்றக் காய்ச்சினால் அந்தத் தைல வாசனை பெரும்பாலும் ஆவியோடு போய்விடும். வெனிலாவும் காரமல் இனிப்பும்தான் மிஞ்சும். ரூட் பீரைத் தொடாத என் மனைவிகூட இந்த சாஸைக் கேட்டு வாங்கிக்கொள்வாள்.

355 மில்லி கேன் இரண்டை அகலமான பாத்திரத்தில் ஊற்றி (நுரை பொங்கும், சின்னப் பாத்திரம் வேண்டாம்) மூன்றில் ஒரு பங்காக வற்றவிடுவேன். பிறகு ஒரு கப் கெச்சப், கால் கப் ஆப்பிள் சைடர் வினிகர், இரண்டு ஸ்பூன் வூஸ்டர்ஷையர் சாஸ், பூண்டு, மிளகாய்த்தூள், தாராளமாக மிளகு. சிறு தீயில் இருபது நிமிடம் போதும். ஒரு கேனிலேயே சுமார் 45 கிராம் சர்க்கரை இருப்பதால் தனியாக இனிப்பு வேண்டாம். டயட் ரூட் பீர் இதற்கு உதவாது. அதில் பாகாக வற்றச் சர்க்கரையே இல்லை, அதற்குப் பதில் சேர்க்கும் செயற்கை இனிப்பான அஸ்பார்டேமும் சூட்டில் சிதைந்து இனிப்பை இழந்துவிடும். வூஸ்டர்ஷையரில் பெரும்பாலும் நெத்திலி சேர்ந்திருக்கும், சைவர்கள் லேபிளைப் பார்த்து வாங்கவும். கோழியில் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் தடவுங்கள், முன்னதாகத் தடவினால் சர்க்கரை கருகிவிடும்.

ஊரில் இருப்பவர்கள் நன்னாரி சிரப்பில் செய்யலாம். அதன் வாசனைப் பொருள் வெனிலின் வகையைச் சேர்ந்ததுதான். ஏற்கெனவே பாகாக இருப்பதால் வற்றவைக்கும் வேலை இல்லை, வினிகரை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.

பீர் கதை வேறு. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு ஆவியாகாது. நான்கில் ஒரு பங்காக வற்றினால் கசப்பும் ஏறத்தாழ நான்கு மடங்கு செறிவாகிறது. ஐபிஏ என்ற கசப்பு மிகுந்த பீர் வகை பக்கமே போகாதீர்கள். ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் ஓரளவு தேறும், ஆனால் கசப்பை அமுக்கப் பிரவுன் சுகரைக் கொட்ட வேண்டியிருக்கிறது. கடைசியில் பீர் ருசியையும் காணோம். அப்புறம் எதற்கு? இன்னொன்று, கொதித்தால் ஆல்கஹால் எல்லாம் போய்விடும் என்று நம்பிக் குழந்தைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் பரிமாறிவிடாதீர்கள். அமெரிக்க வேளாண்துறை அட்டவணைப்படி 15 நிமிடக் கொதிக்குப் பின் சுமார் 40 சதவீதமும், ஒரு மணி நேரத்துக்குப் பின்னும் சுமார் 25 சதவீதமும் மிஞ்சுகிறது. நான் சொல்லிவிட்டுத்தான் வைப்பேன்.

பீர் உண்மையிலேயே பொருந்துவது கடுகில். மஞ்சள் கடுகும் பழுப்புக் கடுகும் சம அளவு எடுத்து, மூழ்கும் அளவு பிரவுன் ஏல் என்ற பழுப்பு நிற பீரும் சிறிது வினிகரும் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்து, உப்பு, தேன் சேர்த்துக் கொரகொரப்பாக அரைப்பேன். அடுப்பே வேண்டாம். கடுகின் காரம் நொதியால் உண்டாவது, சூடு பட்டால் அந்த நொதி செத்துவிடும். அரைத்த அன்று ருசி பார்த்தால் வாயெல்லாம் கசக்கும். ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் கிடந்தால் அடங்கிவிடும். சாசேஜுக்கு இதைவிட நல்ல துணையை நான் பார்த்ததில்லை. தயிர் சாதத்துக்குக்கூடத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், வெளியே சொல்வதில்லை.

பீர் சீஸ் சாஸ் எப்போதாவதுதான் செய்கிறேன். துருவிய பாக்கெட் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் கலப்பதால் வழுவழுப்பு வராது. கட்டி செடாரை வாங்கித் துருவி, அடுப்பை அணைத்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கினால் திரியாமல் வரும்.