க்ளைபரின் பிராம்ஸ் நான்காவது: கைகளுக்காகவே ஒரு டிவிடி

1996 அக்டோபரில் மியூனிக் ஹெர்குலஸ்ஸால் அரங்கில் கார்லோஸ் க்ளைபர் பவேரிய அரசு இசைக்குழுவை நடத்திய கச்சேரி இது. வெளியீடு டாய்ச்ச கிராமஃபோன். பீத்தோவனின் கொரியோலன் முன்னிசை, மொஸார்ட்டின் 33-வது சிம்பொனி, பிறகு பிராம்ஸின் நான்காவது சிம்பொனி. முதல் இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன; ஆனால் கொடுக்கிற காசு பிராம்ஸுக்கு.

கேட்டால் மட்டும் போதும் என்பவர்கள் இதே க்ளைபர் 1980-ல் வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் செய்த ஒலிப்பதிவை வாங்கலாம். வாசிப்பின் மெருகு அதில் ஒரு படி கூடுதல். இந்தப் படம் அவர் கைகளுக்காக. பல இடங்களில் மனிதர் தாளமே போடுவதில்லை. நடத்தும் கோலைத் தாழ்த்திவிட்டு இடது கையால் காற்றில் ஒரு வளைவு இழுக்கிறார். வயலின் வில்கள் அந்த வளைவின் நீளத்துக்கே நகர்கின்றன. முதல் வயலின்கள் அவருக்கு இடப்பக்கம், இரண்டாம் வயலின்கள் வலப்பக்கம். ஹெட்ஃபோனில் கேட்டால் இரு அணிகளும் பேசிக்கொள்வது தனித்தனியாகப் பிரிந்து விழும். காமிரா அவரையே சுற்றுவதால் காற்றுக்கருவிக்காரர்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கடைசிப் பகுதிதான் உச்சம். பாஹின் 150-வது கன்டாட்டாவிலிருந்து (குரலும் கருவிகளும் சேர்ந்த இசைப்படைப்பு) எடுத்து மாற்றிய எட்டு பார் (தாள அளவின் ஒரு கட்டம்) கரு, அந்தக் கருவையே மாற்றி மாற்றி வாசிக்கும் முப்பது மாறுபாடுகள், பிறகு முடிப்பு. மூன்று பகுதிகளாகச் சும்மா உட்கார்ந்திருந்த மூன்று ட்ராம்போன்களும் இங்கேதான் வாயைத் திறக்கின்றன. பன்னிரண்டாவது மாறுபாட்டில் ஃப்ளூட் தனியாக வருகிறது. பார் இருமடங்கு நீள்கிறது. அழகில் மயங்கி இங்கே இழுத்துவிட்டால், பதினாறாவதில் பழைய வேகம் திரும்பும்போது ஒட்டுப்போட்டது மாதிரி ஆகிவிடும். க்ளைபர் இழுப்பதில்லை, இழை அறுவதுமில்லை.

போடுவதற்கு முன் சில வேலைகள். வால்யூமை பிராம்ஸின் தொடக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது மெல்லிய ஒலி. மூன்றாம் பகுதியின் ஆரம்பத்தைப் போட்டு, அது காதைக் குத்தாத அளவில் வையுங்கள். டிவியில் ‘நைட் மோட்’ இருந்தால் அணைத்துவிடுங்கள்: மெல்லியதையும் பலத்ததையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும், பிராம்ஸ் படிப்படியாக ஏற்றுவதெல்லாம் வீண். அசைவை மழமழப்பாக்கும் அமைப்பும் வேண்டாம், வில் நுனி குழம்பும். டிவியின் சொந்த ஸ்பீக்கரில் இரண்டாம் பகுதியில் கிளாரினெட்டுக்கு அடியில் நடக்கும் பிஸ்ஸிக்காட்டோ (வில்லில்லாமல் விரலால் தந்தியை மீட்டுவது) பாதி காணாமல் போகும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனில் ஒலி பிந்துகிறதா என்று க்ளைபரின் கோலைப் பார்த்துச் சோதிக்காதீர்கள். நடத்துநரின் கை ஒலிக்கு முன்னால்தான் போகும், அதுதான் அவர் வேலை. டிம்பனி என்ற பெரிய முரசை வாசிப்பவரின் குச்சி தோலில் படும் கணத்தைப் பாருங்கள்; முதல் பகுதியின் முடிவு அதற்கு வசதியான இடம்.