இ-கோர்ட்ஸ் செயலி: எந்த வழக்குக்கு எவ்வளவு உதவும்?

அடுத்த வாய்தா எந்தத் தேதியில் என்று தெரிந்துகொள்வதற்கே வழக்கறிஞரின் குமாஸ்தாவைத் தேடி அலைய வேண்டியிருந்த நிலையை மாற்றியது என்ற அளவில், இ-கோர்ட்ஸ் கைபேசிச் செயலியை வழக்குள்ள எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். உச்ச நீதிமன்றத்தின் மின்னணுக் குழு வழிநடத்த, 2007-இல் தொடங்கிய திட்டத்தின் பயனாக, மாவட்ட நீதிமன்றங்கள், உயர் நீதிமன்றங்கள் இரண்டின் வழக்கு விவரங்களும் கட்டணமின்றி இதில் கிடைக்கின்றன. ஆனால் 'கிடைக்கின்றன' என்ற சொல் எல்லா வகைத் தகராறுகளுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. நிலத் தகராறு, வேலைத் தகராறு, தொழில்முறையாளரின் ஒழுக்கக்கேடு குறித்த புகார் ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால், இந்தச் செயலியின் பார்வை எதுவரை எட்டுகிறது என்பது துல்லியமாகத் தெரிகிறது.

முதலில் அடிப்படை. ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எனப்படும் பதினாறு எழுத்தெண்கள் கொண்ட தனி அடையாளம் உண்டு. மாநிலம், மாவட்டம், நீதிமன்றம், வரிசை எண், ஆண்டு ஆகியவை அதிலேயே அடங்கியிருக்கும். அதைத் தட்டச்சு செய்தால் வழக்கின் நிலை, கடந்துபோன வாய்தாக்களின் பட்டியல், ஒவ்வொரு வாய்தாவிலும் நடந்ததைப் பற்றிய சிறு குறிப்பு, பதிவேற்றப்பட்ட உத்தரவுகள் ஆகியவை வந்துவிடுகின்றன. 'என் வழக்குகள்' பகுதியில் ஒருமுறை சேமித்துவிட்டால் மறுபடி எண்ணைத் தேட வேண்டியதில்லை. எண் தெரியாதவர்கள் பெயரை வைத்துத் தேடலாம் என்றாலும், நம் பெயர்கள் ஆங்கில எழுத்துகளில் பதிவாகியிருப்பதால் இங்கே பொறுமை தேவைப்படும். சுப்பிரமணியன் என்ற ஒரே பெயரை நான்கைந்து விதமாக எழுதலாம். பதிவு செய்த ஊழியர் எதைத் தேர்ந்தாரோ அதைத்தான் செயலி அறியும். முழுப் பெயரையும் இடாமல் முதல் சில எழுத்துகளை மட்டும் இட்டுத் தேடுவதே புத்திசாலித்தனம்.

செயலி தன் முழுப் பயனையும் காட்டுவது நில வழக்குகளில்தான். உரிமையியல் நீதிமன்றத்தில் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கோ, உரிமை யாருடையது என்று அறிவிக்கக் கோரும் விளம்புகை வழக்கோ ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது; இடையில் வழக்கறிஞர் மாறுவார், தரப்பினர் இறப்பார், வாரிசுகள் சேர்க்கப்படுவார்கள். அந்த நெடிய ஓட்டத்தில் ஒரே ஒரு வாய்தாவைத் தவறவிட்டாலும், வாதியின் வழக்கு ஆஜராகாமைக்காகத் தள்ளுபடியாகலாம், அல்லது பிரதிவாதிக்கு எதிராக ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வரலாம். இவ்விரண்டையும் நீக்கக் கோரும் மனுவுக்குக் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் 30 நாட்கள். வெளியூரில் வசிக்கும் ஒரு பங்காளிக்கு முன்பெல்லாம் இந்தச் செய்தி, தீர்ப்பைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவின் அறிவிப்பாகத்தான் வந்து சேரும். அதற்குள் அவகாசம் முடிந்துபோய், தாமதத்தை மன்னிக்கக் கோரி இன்னொரு மனுவும் போட வேண்டியிருக்கும். மாதம் ஒருமுறையேனும் செயலியைத் திறந்து பார்க்கிறவருக்கு அந்த நிலை வரவேண்டிய அவசியமே இல்லை. பிரதிவாதி தன் பதிலான எதிருரையைத் தாக்கல் செய்ய 30 நாட்கள், நீட்டித்தால் 90 நாட்கள் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்வதும், ஒரு தரப்புக்கு மூன்று முறைக்கு மேல் வாய்தா தரக்கூடாது என்று அதே சட்டம் சொல்வதும் நடைமுறையில் எவ்வளவு மதிக்கப்படுகின்றன என்பதை, வாய்தாப் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாலே விளங்கிக்கொள்ளலாம். அதைப் படிப்பதற்குச் சற்று மனத்திடம் வேண்டும் என்பது வேறு.

குறைகளும் இங்கேதான் அதிகம் புலப்படுகின்றன. வாய்தாக் குறிப்பு பெரும்பாலும் ஓரிரு சொற்களில் முடிந்துவிடுகிறது. 'விசாரணைக்காக' என்று இருந்தால், சாட்சி வந்தாரா, குறுக்கு விசாரணை தொடங்கியதா, எந்தத் தரப்பு நேரம் கேட்டது என்பதெல்லாம் தெரியாது. அசல் வழக்குக்கு ஓர் எண், மேல்முறையீட்டுக்கு ஓர் எண், இரண்டாம் மேல்முறையீட்டுக்கு ஓர் எண், நிறைவேற்று மனுவுக்கு ஓர் எண் என்று ஒரே நிலத்துக்கான சண்டை சிதறிக் கிடக்க, அவற்றைக் கோத்துக் கதையாக்கும் வேலை பயனருடையதாகிறது. அதைவிடப் பெரிய இடைவெளி வருவாய்த் துறைப் பக்கம் இருக்கிறது. பட்டா மாறுதலை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் செய்யும் மேல்முறையீடும், அதன்பின் மாவட்ட வருவாய் அலுவலரிடம் செய்யும் சீராய்வும் நீதிமன்ற வழக்குகள் அல்ல என்பதால் இதில் தோன்றுவதில்லை. பட்டா, நிலத்தின் உரிமையை நிறுவும் மூல ஆவணம் ஆகாது, உரிமையை உரிமையியல் நீதிமன்றமே முடிவு செய்யும் என்பது சட்டநிலை. ஆனால் வருவாய் அலுவலரின் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டுதான் எதிர்த்தரப்பு நிலத்தில் வேலி போட வருகிறது. ஆகவே செயலியை மட்டும் நம்பியிருப்பவர் தகராறின் பாதியையே பார்க்கிறார்.

வேலைத் தகராறில் இந்தப் பாதி இன்னும் சுருங்குகிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ்த் தொடங்கிய பணிநீக்க வழக்கு முதலில் சமரச அலுவலரிடம் சென்றது. 45 நாட்களில் தீர்வு ஏற்படாவிட்டால் தொழிலாளி நேரே தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகலாம் என்பது 2010-இல் வந்த திருத்தம். சமரச அலுவலரின் கோப்பு செயலிக்கு வெளியே இருக்கிறது. மாவட்ட நீதித்துறையுடன் சேர்த்துப் பட்டியலிடப்படும் தொழிலாளர் நீதிமன்றத்தின் வழக்கைப் பார்க்கலாம். வங்கி, ரயில்வே, துறைமுகம் போன்றவற்றுக்கான மத்தியத் தொழில் தீர்ப்பாயமும், மத்திய அரசு ஊழியர்களுக்கான நிர்வாகத் தீர்ப்பாயமும் தனித்தனிப் பாதையில் இயங்குபவை. அவற்றின் விவரங்களை அங்கங்கேதான் தேட வேண்டும்.

'முடிவுற்றது' என்ற சொல் இங்கே ஏமாற்றக்கூடியது என்பதையும் குறிப்பிட வேண்டும். மேலே சொன்ன 1947-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின்படி, தொழிலாளர் நீதிமன்றத்தின் தீர்ப்பு அரசால் வெளியிடப்பட்டு 30 நாட்கள் கழிந்த பிறகே செயலுக்கு வரும். மறுபடி வேலை என்று தீர்ப்பு வந்தால், நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது வழக்கமாகிவிட்டது. அந்த மனு நிலுவையில் இருக்கும்வரை கடைசியாகப் பெற்ற ஊதியத்தைத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 17பி பிரிவு சொன்னது. ஆனால் அதைக் கேட்டு வாங்க வேண்டுமானால், தன்மீது ரிட் மனு தாக்கலாகியிருப்பது தொழிலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே தொழிலாளர் நீதிமன்றப் பக்கத்தில் 'முடிவுற்றது' என்று வந்த பிறகும் உயர் நீதிமன்றப் பகுதியில் தம் பெயரைத் தேடிக்கொண்டே இருப்பது நல்லது. 2025 நவம்பர் 21 முதல், அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் தொகுப்பு என்ற புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, நீதித்துறை உறுப்பினர் ஒருவரும் நிர்வாக உறுப்பினர் ஒருவரும் கொண்ட தீர்ப்பாயங்களை அது வகுத்திருப்பதால், அவற்றின் வழக்குப் பட்டியலையும் இதே செயலியில் சேர்ப்பார்களா என்பது தொழிலாளர்களுக்கு முக்கியமான கேள்வி.

தொழில்முறை ஒழுக்கம் தொடர்பான புகார்களுக்கு நேரடிப் பயன் ஏதுமில்லை. வழக்கறிஞர் மீதான புகார் 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி வழக்கறிஞர்களைப் பதிவு செய்யும் அமைப்பான மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்குச் செல்கிறது. ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிட வேண்டும்; மாநிலக் குழுவின் உத்தரவை எதிர்த்து 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். உச்ச நீதிமன்றத்தை எட்டும்வரை இந்த நடவடிக்கையில் எதுவும் நீதிமன்றப் பதிவேட்டில் ஏறாது. மருத்துவர் மீதான நுகர்வோர் புகாருக்கோ இ-ஜாக்ரிதி என்ற வேறொரு தளம் இருக்கிறது. வழக்கறிஞர்களின் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டதால், கட்சிக்காரருக்கு அந்தக் கதவும் கிடையாது.

ஆயினும் மறைமுகமாக ஒரு பயன் உண்டு, அது சிறியதல்ல. தம் வழக்கறிஞர் ஆஜராகவில்லை என்று புகார் செய்கிறவரிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி அதற்கு ஆதாரம் என்ன என்பதே. எந்த நாளில் வாதி தரப்பு அழைக்கப்பட்டு ஆஜராகவில்லை, எந்த நாளில் வழக்கு தள்ளுபடியானது என்பது வாய்தாக் குறிப்பில் பதிவாகியிருந்தால், 'வழக்கு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது' என்று வழக்கறிஞர் சொன்ன நாட்களை அதன் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒப்பிட்ட பிறகு செயலியின் திரைப்பதிவோடு நின்றுவிடாமல், நகல் மனு போட்டு அந்நாட்களின் பதிவுக்குச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். செயலியில் உள்ளது தகவலுக்காக மட்டுமே. மேல்முறையீட்டுக்கும் அந்த நகல்தான் தேவை, அதைப் பெற ஆகும் காலம் மேல்முறையீட்டு அவகாசத்தில் கழிக்கப்படும்.

2023 செப்டம்பரில் இத்திட்டத்தின் மூன்றாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 7,210 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அவ்வளவு பெரிய தொகையில் என் எதிர்பார்ப்பு மிகச் சிறியது: வாய்தாக் குறிப்பு இரண்டு சொற்களில் நிற்காமல் இரண்டு வாக்கியங்களாக வேண்டும், பெயர்த் தேடல் தமிழ் எழுத்தில் இட்டாலும் வேலை செய்ய வேண்டும், அசல் வழக்கிலிருந்து நிறைவேற்று மனு வரை ஒரே பக்கத்தில் வரிசையாகத் தெரிய வேண்டும். அதுவரை நில வழக்கு உள்ளவர்கள் இதைத் தவறாமல் வைத்துக்கொள்ளலாம். வேலை வழக்கு உள்ளவர்கள் தங்கள் சங்கத்திடமோ வழக்கறிஞரிடமோ கேட்பதை நிறுத்தாமல் இதையும் வைத்துக்கொள்ளலாம்.